சாமி அலமாரியில் ஒரு நீலப் பெட்டி

அண்ணியின் படத்தை நான் சுவரில் மாட்டவில்லை. கூடத்தில் ஒரு நீல இரும்புப் பெட்டியின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். பெட்டி ஒரு ரொட்டி டின்னைவிடக் கொஞ்சம் பெரியது; உள்ளேயிருந்து எந்நேரமும் லேசாக ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருக்கும். படத்துக்குச் சந்தனம் உண்டு, குங்குமம் உண்டு, தினமும் பூ உண்டு. விளக்கு மட்டும் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். போன மாதம் வேலூரிலிருந்து வந்த சித்தி செருப்பைக் கழற்றிய கையோடு கேட்டாள்: “இன்னாடி இது, போய்ச் சேர்ந்தவ படத்துக்கு முன்னால ஒரு அகல் கூடவா ஏத்த மாட்டே? அவ உனக்கு இன்னா கொறை வெச்சா?” ஒரு குறையும் வைக்கவில்லை. சொல்லத் தொடங்கினால் நீளும் என்று காபி போடப் போய்விட்டேன். அந்த நீளமான பதிலைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி கோயம்புத்தூர்ப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணனைக் கட்டிக்கொண்டு புனேயில் போபோடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் அப்பா பக்கத்துக் கட்கியில் தொழிற்சாலை வேலை கிடைத்து வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அண்ணனும் நானும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் தமிழில் பாதி இந்தி, மிச்சத்தில் பாதி மராத்தி. அண்ணியோ வாயைத் திறந்தால் ‘ங்க’ போடாமல் பேச மாட்டாள். பால்காரரின் எருமையைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவாள் என்று அண்ணன் கேலி செய்வான். என்னை மட்டும் ‘அம்மிணி’ என்பாள். நாத்தனார் என்கிற முறைக்குக் கொஞ்சம் மிடுக்காக நடந்துகொள்ளலாம் என்று நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அதற்கு அவள் இடமே கொடுக்கவில்லை. வந்த வாரமே எங்கள் மிக்ஸி ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது. ரிப்பேர் கடைக்கு அனுப்பலாம் என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் அண்ணி அதைக் கவிழ்த்துப் போட்டு அடித்தட்டைக் கழற்றியிருந்தாள். “தொறந்து பாத்தாத்தானே அம்மிணி தெரியும்” என்று சொல்லி, திருகாணிகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தாள். சண்டை போடுவதற்குக் கை காலியாக இருக்க வேண்டாமா?

அவள் படித்தது இயந்திர வரைபட டிப்ளமோ. கல்யாணப் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வரைபலகைக் கருவிகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் மோல்ட் வடிவமைக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. காருக்கும் ஸ்கூட்டருக்கும் வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கிற இரும்பு அச்சுக்குப் பட்டறைகளில் மோல்ட் என்று பெயர். ஒரு கைப்பிடி, ஒரு விளக்கு மூடி, ஒரு பொத்தான் என எதுவானாலும் முதலில் அதற்கு மோல்ட் வேண்டும், மோல்டுக்கு முதலில் ட்ராயிங் வேண்டும். தெருவில் போகிற வண்டிகளைக் காட்டி, “அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கற கறுப்பு மூடி நான் போட்டது” என்பாள். வண்டிக்காரர் சிக்னலில் நின்றால் போச்சு, குனிந்து மூடியின் ஓரம் சுத்தமாக வந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். நான் ஏதோ தெரியாத பெண்ணோடு நிற்பவள் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

பிறகு வரைபலகை போய் கம்ப்யூட்டர் வந்தது. அப்பாவும் அம்மாவும் ஊர் திரும்பினார்கள். அண்ணன், அண்ணி, அவர்கள் பையன், நான் என நாலு பேரும் சிஞ்ச்வட்டில் ஒரு அடுக்குமாடிச் சொசைட்டியில் ஃபிளாட் வாங்கிக் குடிபோனோம். நான் ஔந்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை, அது தனிக் கதை, அதைச் சித்தியிடம் கேளுங்கள், நன்றாகச் சொல்வாள். அண்ணி வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டபோது அவள் கலங்கவில்லை. ஃபிளாட்டின் உள்ளறையில் இரண்டு மேசை போட்டு, அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர், மாலையில் உதவுகிற எனக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் என்று வைத்து, வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாட்டினாள். பட்டறைக்காரர்கள் வியாழக்கிழமைதான் வருவார்கள். சிஞ்ச்வட்டில் வியாழக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை; பட்டறைகளுக்கு அன்றைக்கு வார விடுமுறை. மின்சாரக்காரர்களும் கம்பி பழுதுபார்ப்பதை அன்றைக்கே வைத்துக்கொள்வார்கள். ஆக, வாடிக்கைக்காரர்கள் வருகிற நாளில் கரண்ட் இருக்காது. ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பேசி அனுப்புவாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு மே மாதத்தில் அவள் கம்ப்யூட்டரின் டிஸ்க் ‘டக் டக்’ என்று சப்புக்கொட்டத் தொடங்கும் வரை. மறுநாள் அது பேச்சை நிறுத்திவிட்டது. சிடியில் பிரதி எடுத்து வைத்ததெல்லாம் பழைய வேலைகள். முடித்துக்கொடுக்க வேண்டிய ஒரு கதவுக் கைப்பிடியின் மோல்ட், அரை மாத உழைப்பு, போனது போனதுதான். அண்ணி அழவில்லை. டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி வட்டத்தகடும் அதன்மேல் கொசுக்கால் மாதிரி ஒரு கையும். “இவ்வளவு அழகா இருக்குது, எப்பிடி அம்மிணி கெட்டுப்போகுது?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் அவள் அதற்குப் பிறகு விடவே இல்லை. கைப்பிடியை முதலிலிருந்து வரைந்து கொடுத்தாள்.

அந்த வருஷமே இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. தொழிற்சாலையில் வேலை பார்த்த அண்ணனுக்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றல் வரும் என்று பேச்சு அடிபட்டது. அந்த ஊரில் தொழிற்சாலைக் குடியிருப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மோல்டாவது, மூடியாவது! அங்கே போனால் அண்ணி தன் வேலையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். இன்னொரு பக்கம், கார் பாகங்கள் செய்கிற ஒரு பெரிய கம்பெனி, வருஷம் முழுக்க ட்ராயிங் வேலை தருகிறோம் என்றது. ஒரே ஒரு நிபந்தனை: கொடுக்கிற ட்ராயிங் எதுவும் தொலையக்கூடாது; எப்போது கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும்; எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார். “சர்வர் இருக்குதான்னு கேட்டாங்க. இருக்குதுங்கன்னு சொல்லிட்டேன்” என்றாள் அண்ணி. அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். “சர்வரா? ஓட்டல்லதான்டி சர்வர் இருப்பான்.” சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்திச் சொன்னான்: “வேலை நிலையா வந்தா நீ பையனோட இங்கேயே இரு. நான் போய் வரேன். இல்லேன்னா எல்லாரும் மூட்டை கட்டணும்.” அவன் கெட்டவன் இல்லை. இரண்டு வீட்டுச் செலவை யோசித்தான், அவ்வளவுதான். ஆனால் அண்ணியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவள் போய்விட்டால் நான் மட்டும் அந்த ஃபிளாட்டில் யாரோடு பேசுவேன்?

கடையில் ரெடிமேடாக விற்கிற சர்வர் விலையைக் கேட்டுவிட்டு வந்து இரண்டு பேரும் மோர் குடித்தோம். பிறகு அண்ணி சொன்னாள், “எதுக்கு எது வேணும்னு மட்டும் பாக்கலாம்.” யோசித்தால் அதற்குப் பெரிய மூளை வேண்டாம், கோப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கிறபோது கொடுத்தால் போதும். ஆகவே போர்டும் நினைவகமும் பழசாக இருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் இனி உதவாது என்று கண்டம் பண்ணி ஏலம் விட்ட கம்ப்யூட்டர்களில் ஒன்றை நான் எடுத்து வந்தேன். மென்பொருள் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்தது. டிஸ்க் மட்டும் புதுசு, அதுவும் இரண்டு. வீட்டுப் பூட்டுக்கு இரட்டைச் சாவி வைத்துக்கொள்கிற மாதிரி, ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். புத்வார் பேட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடைச் சந்து ஒன்று உண்டு. அங்கே கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க்கை எடுத்து வைத்தார். அண்ணி ஒன்றை அங்கே வாங்கினாள், இன்னொன்றை நாலு கடை தள்ளி வாங்கினாள். “ஒரே பொட்டில வந்தது ஒண்ணாவே கெட்டுப்போச்சுன்னா?” என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெருமையாக நின்றேன்.

பெட்டிதான் அவளுடைய சந்தோஷம். கடையில் கிடைக்கிற பெட்டியெல்லாம் ஆள் உயரம். அவள் எங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி ஒரு சின்னப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் வரைந்தாள். டிஸ்க் இரண்டும் எங்கே நிற்கும், அவற்றுக்கு நடுவே காற்று எப்படிப் போகும், விசிறி முன்பக்கத்திலிருந்து காற்றை இழுத்துப் பின்பக்கம் எப்படித் தள்ளும், எல்லாவற்றுக்கும் அளவு போட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் மிச்சத் தகட்டை வெட்டி மடித்துக் கொடுத்தார்கள். மெஷினுக்கு அடிக்கிற நீலப் பெயின்டில் மீதி இருந்ததை அடித்தும் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போர்டை உள்ளே வைத்தால் ‘க்ளக்’ என்று உட்கார்ந்தது பாருங்கள், ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. அண்ணி அதை வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்தாள், அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே. மென்பொருளை ஏற்றத்தான் பெரும்பாடு பட்டோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அது என்னென்னவோ கேட்கும், நாங்கள் என்னென்னவோ சொல்வோம், அது கோபித்துக்கொண்டு நின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் கம்ப்யூட்டரில் நான் போட்ட ஒரு கோப்பு ஒயர் வழியாகப் போய் அவள் கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தபோது, இரண்டு பேரும் கத்திய கத்தலில் எதிர் ஃபிளாட் மராத்தி அம்மாள் கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. கட்டிலடியில் பெருக்குகிற தூசி. சமையலறையில் குக்கர் ஆவி. பரணில் மொட்டைமாடிச் சூடு. உள்ளறையில் இரண்டு மேசை போக நடக்கவே இடமில்லை. கூடத்தில் அண்ணன் மகனின் கிரிக்கெட் பந்து. அண்ணி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து சாமி அலமாரியின் முன்னால் நின்றாள். கூடத்துச் சுவரில் பதித்த அலமாரி அது. பூவேலை செய்த மரக்கதவு, நடுவே ஒரு கடப்பைக் கல் தட்டு. கீழ்த்தட்டில் சாமி படங்களும் விளக்கும். மேல்தட்டில் எண்ணெய்ப் பாட்டில், திரி, பழைய பஞ்சாங்கம். “இங்க செருப்புக் கால் வராது. குளிக்காம யாரும் கை வெக்க மாட்டாங்க. பந்து வராது. சீரியல் பல்புக்குன்னு ப்ளக்கு பாயின்டு வேற இருக்குது. வீட்டுலயே சுத்தமான எடம் இதுதானே?” என்றாள். அண்ணன் குதித்தான். “இன்னா இது, சாமி தலைமேல கம்ப்யூட்டரா?” அண்ணி அமைதியாகக் கேட்டாள், “ஏனுங்க, இதுக்கும் மேல பரண்ல உங்க ஓட்டை சூட்கேஸ் இருக்குதுங்களே. அது சாமி தலைமேல இல்லாம எங்க இருக்குது?” அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பரணைப் பார்த்தேன். பெட்டி மேல்தட்டில் ஏறியது. அளவெடுத்து வைத்த மாதிரிப் பொருந்தியது, அளவெடுத்துத்தானே செய்திருந்தாள்.

முதல் நாலைந்து நாள் ஒரு குறையும் இல்லை. ட்ராயிங்கெல்லாம் போய் உட்கார்ந்தன. பிறகு வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கேற்றி நாங்கள் கைகூப்பி நிற்கும்போது, மேல்தட்டிலிருந்து ‘பீப், பீப், பீப்’ என்று சத்தம் வந்தது. சூடு அளவுக்கு மேல் போனால் போர்டு அப்படிக் கத்தும். கத்தியும் கேட்காவிட்டால் தானே அணைந்துவிடும். அணைந்துவிட்டது. மறுநாள் காலையில் அண்ணி திறந்து பார்த்தாள். பிசுபிசுப்பாகக் கொஞ்சம் கறுப்புத் தூசி, வேறொன்றும் இல்லை. சுற்றிலும் பட்டறை உள்ள ஊரில் கறுப்புத் தூசி இல்லாமலா? துடைத்து வைத்ததும் ஓடியது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று சாதுவாக ஓடியது. மறு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி பீப். “உன் சர்வருக்குப் பக்தி வந்துடுச்சு, பாட்டுப் பாடுது” என்றான் அண்ணன்.

எனக்கு அந்த நாட்களை நினைத்தால் இன்னும் சிரிப்பும் ஒரு விதமான ஏக்கமும் வரும். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அதையேதான் யோசிப்பேன். ஒரு இரும்புப் பெட்டிக்கு எப்படிக் கிழமை தெரியும்? அண்ணன் சொன்னான், வியாழக்கிழமை பகலெல்லாம் கரண்ட் போய், பிறகு தறிகெட்டு வருகிறது, அதன் பலன் வெள்ளிக்கிழமை தெரிகிறது என்று. ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினோம். வெள்ளிக்கிழமை பீப். நான் சொன்னேன், வாரத்து வேலையை எல்லாம் அண்ணி வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் மொத்தமாகப் பிரதி எடுக்கிறாள், நல்ல நாள் என்று. டிஸ்க்குக்கு அதுதான் அதிகப்படி வேலை. பிரதி எடுப்பதைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். வெள்ளிக்கிழமை பீப். விசிறியை மாற்றினோம். வெள்ளிக்கிழமை பீப். அண்ணி மட்டும் ஒரு முறைகூட எரிச்சல்படவில்லை. “என்னமோ சொல்லுது அம்மிணி, நமக்குத்தான் புரியல” என்பாள். அதற்குள் பெரிய கம்பெனியிலிருந்து போன் வந்தது: அவர்கள் ஆள் வரப்போகிறார். எந்தக் கிழமை? வேறெந்தக் கிழமை, வெள்ளிக்கிழமைதான். சாயங்காலம் வேலை முடிந்து வருவாராம்.

வந்தவர் தடித்த, மெதுவாகப் பேசுகிற மராத்திக்காரர். தரம் பார்க்கிற அதிகாரி. நாங்கள் அவரை சாஹேப் என்றோம், அவர் அண்ணியை ‘தாயி’ என்றார். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். ஷூவைக் கழற்றி வைத்து, ஏற்றியிருந்த விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளறைக்கு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அண்ணி எல்லாவற்றையும் கொஞ்சம் தாராளமாகவே செய்திருந்தாள். குத்துவிளக்கில் ஐந்து முகமும் ஏற்றி, தட்டு நிறைய சாம்பிராணி போட்டு, காற்றில் அணையாமலிருக்க அலமாரிக் கதவை ஒருக்களித்து வைத்திருந்தாள். சாஹேப் ஒரு பழைய வேலையின் பெயரைச் சொல்லி அதன் ட்ராயிங்கைக் காட்டச் சொன்னார். அண்ணி கம்ப்யூட்டரில் கை வைத்தாள். கூடத்திலிருந்து பீப் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். பீப் நின்றது. பெட்டி அணைந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் அந்தக் குடியிருப்பும், அதில் சும்மா உட்கார்ந்திருக்கிற அண்ணியும் அப்படியே கண்முன் வந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கேற்றிவிட்டால், அது தானே மலையேறும் வரை சாமி அலமாரியில் எதையும் நகர்த்தக்கூடாது, எடுக்கக்கூடாது. இது அண்ணி கொண்டுவந்த வழக்கம், அதில் அவள் கறார். எதையும் திறந்து பார்க்கிறவள், அந்தப் பெட்டியை மட்டும் விளக்கு எரியும்போது ஒருநாளும் திறந்ததில்லை, தொட்டதுகூட இல்லை. எல்லாம் ஆறி அடங்கிய பிறகு, மறுநாள் காலையில்தான் தொடுவாள். அன்றைக்கு சாஹேப் காத்துக்கொண்டிருந்தார். அண்ணி எழுந்து போய் அலமாரி முன்னால் நின்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கதவைத் திறந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“ஸ்ஸ்!” கையை உதறினாள். பிறகு பெட்டியை விட்டுவிட்டு அது உட்கார்ந்திருந்த கடப்பைக் கல்லைத் தொட்டாள். குனிந்து கீழ்த்தட்டில் ஐந்து முகத்தையும் பார்த்தாள். நிமிர்ந்து, புகை கல்லின் விளிம்பைச் சுற்றி மேலே ஏறி நேராகப் பெட்டியின் முன்வாய்க்குள் போவதைப் பார்த்தாள். மற்ற நாட்களில் ஒற்றைத் திரிக் காமாட்சி விளக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் ஐந்து முகம், சாம்பிராணி. “அம்மிணீ! இதுதான்! அய்யோ, தோசைக்கல்லு மேல வெச்சிருக்கறோம்!” சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் தெரியுமா? ஒப்பந்தம், மாற்றல், உள்ளறையில் உட்கார்ந்திருக்கிற அதிகாரி, எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சாஹேப் எழுந்து வந்தார். அண்ணி தன் அரைகுறை இந்தியில் அவருக்குப் புகை போகிற வழியைக் கையால் வரைந்து காட்டினாள், ஏதோ தானே அந்தக் கம்பெனிக்காக விபத்தை விசாரிக்க வந்தவள் மாதிரி. அவரும் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகுதான் அவளுக்கு சாஹேப் வந்த வேலை நினைவு வந்தது. துணியால் பிடித்துப் பெட்டியை இறக்கி, திறந்து, இரண்டு டிஸ்க்கில் ஒன்றை உருவினாள். அதை என் கம்ப்யூட்டரில் மாட்டி, பத்திரிகையோடு வந்த சிடியால் அதை எழுப்பி, ஒயர் வழியாகத் தன் திரைக்குக் கொண்டுவந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். சாஹேப் அதைக் குடித்து முடிப்பதற்கும் அவர் கேட்ட ட்ராயிங் திரையில் விரிவதற்கும் சரியாக இருந்தது. நான் மூச்சு விட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்தியில் நிதானமாகச் சொன்னார்: “ட்ராயிங் கிடைத்தது. அது நல்லது. ஆனால் பெட்டி நின்றுபோனது, தாயி. நின்ற பெட்டிக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன். இதே நேரம், இதே விளக்கு.”

அந்த ஒரு வாரம் வீட்டில் நடந்த விவாதத்தை என்ன சொல்ல! பெட்டியை வேறெங்கும் வைக்க முடியாது என்பதை ஏற்கெனவே வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாயிற்று. அண்ணன், விளக்குக்குப் பதில் மின்சாரச் சுடர் பல்பு வாங்கலாம் என்றான். “பல்பப் பாத்து எப்பிடிங்க கும்புடறது? பக்கத்து பேக்கரியில கூடத்தான் பல்பு எரியுது” என்றாள் அண்ணி. வெள்ளிக்கிழமையும் ஒற்றைத் திரி போதாதா என்றேன் நான். முறைத்தாள். புதன்கிழமை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது, சமையலறையில் கிழக்குப் பார்த்த சுவரில் ஒரு புது மரப்பலகை ஆணியடித்து நின்றது. அதன்மேல் எங்கள் சாமிகள் எல்லாரும் வரிசையாகக் குடியேறியிருந்தார்கள், கடுகு டப்பாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். கூடத்து சாமி அலமாரியில் நீலப் பெட்டி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. “அண்ணி, சாமியையா நகத்திட்டீங்க?” என்றேன். “சாமிக்கு என்ன அம்மிணி, எங்க வெச்சாலும் இருக்கும். தூசியா, ஆவியா, அதுக்கு என்ன பயம்? இதுக்குத்தான் நூறு கண்டிசன்” என்றாள். அண்ணன் வந்து பார்த்து, வாயைப் பிளந்து, கடைசியில் சொன்னான்: “எனக்கு முன்னாடி சாமிக்கே ட்ரான்ஸ்பர் ஆர்டர் குடுத்துட்டியா?” மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சொன்னபடி சாஹேப் வந்தார். சமையலறையில் ஐந்து முகமும் எரிந்தன. சாம்பிராணி ஜன்னல் வழியாக வெளியே போனது. அவர் கும்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே நின்றார். எடுக்கவே இல்லை. டீ வந்தது, இடது கையால் வாங்கிக் குடித்தார். வலது கை பெட்டியின் மேலேயே இருந்தது. கேட்ட ட்ராயிங் ஒவ்வொன்றும், கதவு வழியாகத் தெரிந்த உள்ளறைத் திரையில் வந்துகொண்டிருந்தது. பிறகு நாற்காலியில், விளக்கு மலையேறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, “சலா, தாயி” என்று விடைசொல்லி எழுந்து, பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் படியிறங்கிப் போனார். அண்ணன் பரணிலிருந்து தன் ஓட்டை சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினான். “சரி, மூட்டை எனக்கு மட்டும் கட்டு” என்றான். அண்ணி சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் ஜெயித்திருந்தாள். ஆனால் அழுதுகொண்டிருந்தாள். நான் பின்னால் போய்த் தோளைத் தொட்டபோது, “அவரு அங்க என்ன சாப்புடுவாரு அம்மிணி?” என்று கேட்டாள்.

அண்ணன் போனான். பொங்கலுக்கும் கணபதிப் பண்டிகைக்கும் ரயிலேறி வந்தான். ஓய்வு பெற்று ஒரேயடியாக வரும் வரை அப்படித்தான். அண்ணி அந்த உள்ளறையில் உட்கார்ந்து ஊரில் பாதி வண்டிகளுக்கு மூடியும் கைப்பிடியும் வரைந்தாள். இப்போது அண்ணன் பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறான். ஃபிளாட்டில் நான் இருக்கிறேன், பெட்டி இருக்கிறது. அதன் டிஸ்க்குகளையும் விசிறியையும் பல தடவை மாற்றியாயிற்று. நீலத்தகடு மட்டும் அதே தகடு. அண்ணன் மகன் போனில் பேசும்போதெல்லாம், அத்தை, அதிலிருப்பதெல்லாம் இன்றைக்கு ஒரு நகத்தளவு சில்லில் அடங்கிவிடும், தூக்கிப்போடு என்கிறான். அடங்கும்தான். நான் தூக்கிப்போடவில்லை. அண்ணி ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோதுகூட, நான் போனதும் கேட்பாள்: “பொட்டி சூடாகுதா, கை வெச்சுப் பாத்தியா?” பார்த்தேன் என்பேன். அவள் நெற்றியிலும் வைத்துப் பார்ப்பேன்.

சித்தி ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. நான் சமையலறையில் ஐந்து முகம் ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் அவள் ஒரு அகலை ஏற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். “அங்க வேணாம் சித்தி, சூடாவும்!” சித்தி அகலும் கையுமாக நின்று, “எதுடி சூடாவும்?” என்றாள். அதற்குள் என் கை தானாகப் பெட்டியின் மேல் போயிருந்தது. வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, எப்போதும் போல. சித்தியின் இன்னொரு கையைப் பிடித்து அண்ணியின் படத்துக்குப் பக்கத்தில், தகட்டின் மேல் வைத்தேன். உள்ளே அந்த முனகல் அவள் விரல்களில் ஏறியிருக்க வேண்டும். சித்தி கையை எடுக்கவில்லை. “அடியே, உயிர் கீதுடி இதுல” என்றாள். பிறகு அகலை அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, சமையலறைக்குத் திரும்பிப் போய், சாமி பலகையில் வைத்தாள்.